கார் சேஸ் நிமிர்த்தும், நகர்த்திச் செல்லக்கூடிய கருவி: வாடகைக் கொட்டகையில் இருக்கும் சிறு பட்டறைக்கு எது பொருந்தும்?

கேள்வி: காவேரிப்பட்டினம் டிங்கர்

அனைவருக்கும் வணக்கம். காவேரிப்பட்டினத்தில், கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டிய வாடகைக் கொட்டகையில் 11 ஆண்டுகளாக டிங்கரிங் பட்டறை நடத்தி வருகிறேன். தொப்பூர்க் கணவாயில் இடிபட்ட வண்டிகளும், குருபரப்பள்ளிப் பக்கம் பின்னால் முட்டிக்கொண்ட வண்டிகளும் என்னிடம் வருகின்றன. கதவு, பம்பர், பானெட் வேலைகளில் எனக்குக் குறையில்லை. முன்பக்க சைடு மெம்பர், அதாவது வண்டியின் ஓரத்தில் நீளவாக்கில் ஓடும் தாங்கு சட்டம், வளைந்து வரும்போதுதான் கை கட்டிப்போகிறது. கொட்டகைக்குப் பின்னால் நிற்கும் புளிய மரத்தில் செயின் பிளாக்கைக் கட்டி, வண்டியின் பின் அச்சை இன்னொரு சங்கிலியால் பிடித்து இழுப்பதே இதுவரை என் வழக்கம்.

நான்கு மாதங்களுக்கு முன் ஓர் ஆசிரியரின் ஆல்டோ, வலப்பக்க முன்முனை உள்வாங்கிய நிலையில் வந்தது. மரத்தில் கட்டி இழுத்தேன். பானெட் இடைவெளி சரியாக அமைந்தது, ஹெட்லைட் பொருந்தியது, பெயிண்டும் அடித்துக் கொடுத்தேன். ஒன்றரை மாதத்தில் அவர் திரும்பி வந்து, முன் வலச் சக்கரத்தின் டயர் உள்விளிம்பில் மட்டும் தேய்ந்து கம்பி தெரிவதைக் காட்டினார். குடும்பத்தோடு அந்த டயரில் ஏற்காடு வரை போய் வந்ததாக அவர் சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை. வெளியிலிருந்து பார்க்கும் இடைவெளிகளைச் சரிசெய்தேனே தவிர, உள்ளே இருக்கும் எலும்புக்கூட்டை நான் அளக்கவேயில்லை.

இப்போது இரண்டு கருவிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, இரும்புப் பெட்டியில் வரும் 10 டன் செட். கை பம்ப், ஹோஸ், எண்ணெய் அழுத்தத்தில் நீண்டு தள்ளும் ராம், ஒன்றோடொன்று சேர்க்கும் குழாய்கள், ஆப்பு போல விரியும் தலை ஆகியவை அதில் உள்ளன. மற்றொன்று, சக்கரம் வைத்த நீண்ட உத்தரமும் அதன் முனையில் சாய்ந்து எழும் தூணும் கொண்டது. வண்டிக்கு அடியில் தள்ளிக்கொண்டு போய் கிளாம்பில் பூட்டி, தூணிலிருந்து சங்கிலியால் இழுக்க வேண்டும். கொட்டகை வாடகை என்பதால், தரையைத் தோண்டி நங்கூரக் குழிகள் பதிக்க உரிமையாளர் சம்மதிக்க மாட்டார். வண்டியை மேலே ஏற்றிப் பூட்டி இழுக்கும் பெரிய பெஞ்ச் வாங்கும் நிலையும் இல்லை. இந்த இரண்டில் எது எந்த வேலைக்கு உதவும் என்பதையும், எந்த வண்டியை நான் தொடாமலே திருப்பி அனுப்ப வேண்டும் என்பதையும் அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: ஓசூர் பாடி ஷாப்

வணக்கம் தம்பி. நான் 23 ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். முதல் ஒன்பது ஆண்டுகள் நகர்த்திச் செல்லும் கருவியிலும் அதன்பின் பெஞ்சிலும் வேலை பார்த்திருக்கிறேன்.

நீங்கள் பார்த்த இரண்டும் ஒரே வேலைக்கான மாற்றுக் கருவிகள் அல்ல. பெட்டியில் வரும் செட் அடிப்படையில் தள்ளும் கருவி. கதவு நிலைக்குள், டிக்கிக்குள், இரண்டு தூண்களுக்கு நடுவில் வைத்து விரிப்பதற்கு அது நல்லது. உத்தரக் கருவி வெளியிலிருந்து இழுப்பது. மோதியபோது விசை எந்தத் திசையில் உள்ளே போனதோ அதற்கு நேர் எதிர்த் திசையில் இழுத்தால்தான் தகடு வந்த வழியே திரும்பும். முன்முனை மோதலுக்கு உங்களுக்கு வேண்டியது உத்தரக் கருவிதான்.

தரையைப் பற்றிய உங்கள் கவலைக்கும் அதிலேயே விடை இருக்கிறது. புளிய மரத்தில் கட்டி இழுக்கும்போது விசை மரத்துக்கும் பின் அச்சுக்கும் நடுவில் ஓடுகிறது. அதனால் சேதமில்லாத நடுத்தளமும் பின் சஸ்பென்ஷனும் சேர்ந்து இழுபடுகின்றன. உத்தரக் கருவியில் ஒரு முனை வண்டியின் நல்ல பகுதியில் பூட்டப்படுகிறது, மறுமுனைத் தூண் சேதமான பகுதியை இழுக்கிறது. விசை வண்டியிலிருந்து உத்தரத்துக்குப் போய் மீண்டும் வண்டிக்கே திரும்பிவிடுவதால் தரை எந்தச் சுமையையும் ஏற்பதில்லை. வண்டியைத் தாங்கும் நான்கு ஸ்டாண்டுகளும் அசையாமல் நிற்குமளவு கெட்டியான, சமமான சிமென்ட் தரை போதும்.

பூட்டும் இடத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். தனிச் சேஸ் இல்லாத கார்களில், கதவுக்குக் கீழே உள்ள சில் ஓரத்தில் இரண்டு மூன்று தகடுகள் சேர்ந்து ஸ்பாட் வெல்டு ஆகிய விளிம்பு ஒன்று கீழ்நோக்கி நிற்கும். அதில்தான் நான்கு கிளாம்புகளையும் பூட்ட வேண்டும். அங்கே துருப்பிடிக்காமல் பூசியிருக்கும் தடித்த அண்டர்கோட்டைச் சுரண்டி எடுக்காமல் பூட்டினால் பல் வழுக்கி, விளிம்பு கிழிந்துவிடும். வேலை முடிந்ததும் பல் பதிந்த தழும்பில் துரு தடுப்பு பிரைமரும் அண்டர்கோட்டும் மீண்டும் பூச வேண்டும். இதைச் செய்யாமல் கொடுத்த வண்டிகள் இரண்டு மழைக்காலத்தில் சில் அரித்துத் திரும்பி வருவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கருவி வாங்குவதற்கு முன் அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள், அதற்குச் செலவே இல்லை. வண்டியை நான்கு ஸ்டாண்டுகளில் ஏற்றி, கொத்தனார் பயன்படுத்தும் டியூப் லெவலால் நான்கு மூலைகளும் ஒரே மட்டத்தில் இருப்பதை உறுதிசெய்யுங்கள். சேதமில்லாத நடுத்தளத்தில் இருபுறமும் ஒத்த நான்கு துளைகளையும், முன்பக்கத்தில் சஸ்பென்ஷன் போல்ட், சைடு மெம்பர் துளை போன்ற ஒத்த புள்ளிகளையும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் தூக்குக் குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸால் குறியிடுங்கள். வண்டியை நகர்த்திய பின், நடுத்தளத்துப் புள்ளிகளின் மூலைவிட்டங்களை டேப்பால் அளங்கள். அவை இரண்டும் சமமாக இருந்தால் நடுத்தளம் சதுரமாக இருக்கிறது என்று பொருள். அதன் நடுக்கோட்டை நூல் கட்டி முன்னோக்கி நீட்டி, முன்பக்கப் புள்ளிகள் இருபுறமும் அந்த நூலிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். நடுத்தளம் சதுரமாக இல்லாவிட்டால் முன்பக்கத்தை அளந்து பயனில்லை, ஏனென்றால் அளவுகோலே கோணலாக இருக்கிறது.

தூக்குக் குண்டு உயரத்தைக் காட்டாது. சைடு மெம்பர் மேலே ஏறியிருக்கிறதா, கீழே இறங்கியிருக்கிறதா என்பதை டியூப் லெவலின் மட்டத்திலிருந்து தனியாக அளந்து எழுத வேண்டும். இக்காலக் கார்களில் பொதுவாக ஏற்கப்படும் வேறுபாடு 3 மி.மீ. மட்டுமே. துளைகளின் அளவு வேறுபட்டால், உள்விளிம்பிலிருந்து உள்விளிம்பு வரை ஒரு முறையும் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை ஒரு முறையும் அளந்து, கூட்டிப் பாதியாக்கினால் மையத்திலிருந்து மையத்துக்கு உள்ள தூரம் கிடைக்கும்.

இழுக்கும்போது ஒரே மூச்சில் இழுக்காதீர்கள். சிறிது இழுத்து, இறுக்கம் இருக்கும்போதே மடிந்த இடத்தைச் சுற்றி மரக்கட்டை வைத்துச் சுத்தியால் தட்டி, பிறகு பம்பைத் தளர்த்தி அளங்கள். எஃகு கொஞ்சம் பின்வாங்கும், எவ்வளவு பின்வாங்கியது என்பதை அறிந்துதான் அடுத்த இழுப்பு. கடைசியில் ஏற்பட்ட வளைவை முதலில் எடுக்க வேண்டும், முதலில் ஏற்பட்டதைக் கடைசியில் எடுக்க வேண்டும்.

பதில்: தருமபுரி தொழிற்பயிற்சி ஆசிரியர்

ஓசூர் நண்பர் அளவைப் பற்றி எழுதியதற்கு நான் சேர்க்க எதுவுமில்லை. விசையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் "10 டன்" என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி இளைஞர்கள் கையை இழந்திருக்கிறார்கள்.

10 டன் ராமின் பிஸ்டன் விட்டம் சுமார் 4.3 செ.மீ., அதன் பரப்பு 14.5 சதுர செ.மீ. கை பம்ப் சதுர செ.மீ.க்கு 700 கிலோ அழுத்தம் கொடுக்கும்போதுதான் 10 டன் கிடைக்கிறது. பம்பில் அழுத்தமானி இல்லையென்றால் நீங்கள் 2 டன்னில் இருக்கிறீர்களா 9 டன்னில் இருக்கிறீர்களா என்பது கைப்பிடிக்குத் தெரியாது, நீண்ட கைப்பிடி எல்லாவற்றையும் இலேசாகக் காட்டும். மலிவான செட்டுகள் பலவற்றில் மானி இருப்பதில்லை. பம்புக்கும் ஹோஸுக்கும் நடுவில் ஒரு 'T' வடிவ இணைப்பு வைத்து மானி பொருத்திக்கொள்ளுங்கள். பணம் குறைந்தால் வேறு எதையாவது விடுங்கள், மானியை விடாதீர்கள்.

அடுத்தது சங்கிலி. 80ஆம் தரத்து 10 மி.மீ. சங்கிலியின் பாதுகாப்பான வேலைச் சுமை 3.15 டன். அது அறுவதற்கு ஏறத்தாழ நான்கு மடங்கு வேண்டும் என்றாலும், நாம் வேலை செய்ய வேண்டிய எல்லை 3.15 டன்தான். ஆகவே நேராக இழுக்கும் அமைப்பில் மானி சதுர செ.மீ.க்கு 217 கிலோவைத் தொட்டாலே சங்கிலியின் எல்லை வந்துவிட்டது, ராம் இன்னும் தன் திறனில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. பாத்திரக் கடையிலோ மாட்டுக்கயிற்றுக் கடையிலோ கிடைக்கும் தரக்குறியில்லாத சங்கிலியைப் பற்றிப் பேசவே வேண்டாம். முறுக்கிய சங்கிலி, முடிச்சிட்ட சங்கிலி, போல்ட் போட்டு இணைத்த சங்கிலி ஆகியவற்றுக்கு எந்தக் கணக்கும் பொருந்தாது.

உத்தரக் கருவியின் சாயும் தூண் ஒரு நெம்புகோல். தூணின் கீல் முனையிலிருந்து ராம் 30 செ.மீ. உயரத்தில் தூணுக்குச் செங்கோணத்தில் தள்ளுகிறது என்று வையுங்கள். சங்கிலியை 60 செ.மீ. உயரத்தில் மாட்டினால் ராமின் விசையில் பாதிதான் சங்கிலிக்கு வரும், 90 செ.மீ. உயரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் வரும். அதே சங்கிலியை 20 செ.மீ. உயரத்துக்கு இறக்கினால் விசை ஒன்றரை மடங்காகிறது. சங்கிலி எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவு ஆபத்து என்பதைப் பட்டறைச் சுவரிலேயே எழுதி வையுங்கள். கார்களின் சைடு மெம்பர் தாழ்வாக இருப்பதால் நாம் பெரும்பாலும் கீழேதான் மாட்டுகிறோம்.

பெட்டிச் செட்டிலும் ஒரு செய்தி உண்டு. ஆப்பு போல விரியும் தலை ஒரு டன்னுக்குள்ளேயே வேலை செய்யக் கூடியது. குழாய்களைச் சேர்க்கச் சேர்க்கவும், மையத்திலிருந்து விலகிய முனைகளை மாட்டும்போதும் செட்டின் தாங்குதிறன் பாதியாகவும் அதற்கும் கீழாகவும் குறைகிறது. கூடவே வரும் கையேட்டில் அந்த அளவு இருக்கும், படித்துவிட்டு மாட்டுங்கள்.

இழுக்கும்போது சங்கிலியின் நேர்கோட்டில் முன்னாலும் நிற்காதீர்கள், பின்னாலும் நிற்காதீர்கள். கிளாம்பிலிருந்து வண்டியின் உறுதியான பகுதிக்கு ஒரு எஃகு வடத்தைத் தளர்வாகக் கட்டி வைத்தால், பல் வழுக்கினாலும் கிளாம்ப் பறக்காது. சங்கிலியின் மேல் கனமான சாக்கையோ போர்வையையோ போடுங்கள். ஹோஸில் மெல்லிய கசிவு தெரிந்தால் விரலால் தடவிப் பார்க்காதீர்கள், அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், காயம் ஊசி குத்தியது போலச் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே அறுவை மருத்துவரிடம் போயாக வேண்டும். எண்ணெய் குறைந்தால் பிரேக் ஆயிலை ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். அது பம்பின் சீல்களைக் கெடுத்துவிடும், ஹைட்ராலிக் ஜாக்கி எண்ணெய் மட்டுமே ஊற்றுங்கள்.

பதில்: பாலக்கோடு பிக்கப்

நான் டிங்கர் அல்ல, பாலக்கோடு மண்டியிலிருந்து தக்காளி ஏற்றும் பொலிரோ பிக்கப் ஓட்டுகிறேன். சென்ற ஆண்டு முன் இடப்பக்கம் மோதி, ஒரு பட்டறையில் இழுத்துச் சரிசெய்த பிறகு வண்டி நேராக ஓடும்போதும் நண்டு போலச் சற்றுக் குறுக்காகவே ஓடுகிறது. ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பிடித்துத் தோள் வலிக்கிறது. வீல் அலைன்மென்ட் மூன்று முறை செய்துவிட்டேன். காவேரிப்பட்டினம் அண்ணன் வாங்கப்போகும் இந்தக் கருவியால் இதைச் சரிசெய்ய முடியுமா?

பதில்: ஓசூர் பாடி ஷாப்

பாலக்கோடு தம்பி, உங்கள் வண்டி தனிச் சேஸ் மேல் கேபின் உட்கார்ந்திருக்கும் வகை. இரண்டு நீண்ட சைடு மெம்பர்களில் ஒன்று பின்னோக்கித் தள்ளப்பட்டுச் செவ்வகம் சாய்சதுரமாகியிருக்கலாம் என்று நீங்கள் சொல்வதிலிருந்து தோன்றுகிறது. சேஸின் மூலைவிட்டங்களை அளந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். டை ராடைத் திருகிச் சக்கரத்தின் கோணத்தை மாற்றலாம், சேஸின் கோணத்தை மாற்ற முடியாது. அலைன்மென்டுக்கு மேலும் பணம் கொடுக்காதீர்கள்.

இதில் காவேரிப்பட்டினம் தம்பியும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இத்தகைய வண்டியில் சில் ஓரத்தில் கிளாம்ப் பூட்டி இழுத்தால் கேபின்தான் கிழியும், ஏனென்றால் கேபினுக்கும் சேஸுக்கும் நடுவில் ரப்பர் மவுண்டுகள்தான் இருக்கின்றன. சேஸிலேயே பூட்ட வேண்டும், அப்படிப் பூட்டி இழுப்பதற்கு முன்பாகக் கேபின் மவுண்ட் போல்ட்டுகளைத் தளர்த்த வேண்டும். சேஸின் மேல், கீழ் விளிம்புகளில் துளை போட்டுச் சங்கிலி மாட்டக் கூடாது, சுமையின் இழுவிசை அங்கேதான் அதிகம், துளையிலிருந்து விரிசல் கிளம்பும். சாய்சதுரம் எடுக்க ஒரு பக்கத்தைப் பின்னே பிடித்து மறுபக்கத்தை முன்னே இழுக்க வேண்டியிருப்பதால், ஒற்றை உத்தரத்தோடு இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். லாரிச் சேஸ் பக்கமே போக வேண்டாம், அது சங்ககிரி, நாமக்கல் பக்கத்துப் பட்டறைகளின் வேலை.

கேள்வி கேட்டவர்: காவேரிப்பட்டினம் டிங்கர்

மூவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை பட்டறையைச் சாத்திவிட்டு, ஆசிரியரை அழைத்து அவருடைய ஆல்டோவைத் தூக்குக் குண்டு வைத்து அளந்தேன். அவர் முகம் சுளிக்காமல் மூன்று மணி நேரம் கூடவே இருந்து டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

நடுத்தளத்தின் மூலைவிட்டங்கள் 1 மி.மீ. வேறுபாட்டுக்குள் இருக்கின்றன. முன் சஸ்பென்ஷனின் கீழ்ப் புள்ளிகளும் நூலிலிருந்து இருபுறமும் சமமாகவே உள்ளன. ஆனால் பானெட்டைத் திறந்து அளந்தபோது, ஷாக் அப்சார்பரின் மேல்முனையைத் தாங்கும் வலப்பக்க டவர் 9 மி.மீ. உள்ளே சாய்ந்திருப்பது தெரிந்தது. சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்ததால்தான் டயர் உள்விளிம்பில் தேய்ந்திருக்கிறது என்பது இப்போது புரிகிறது. சைடு மெம்பரில் கூர்மையான மடிப்பு இல்லை, டவருக்குச் சற்று முன்னால் சக்கரத்துக்கு உள்பக்கச் சுவராக நிற்கும் ஏப்ரன் தகட்டில் அகலமான வளைவு மட்டும் இருக்கிறது.

பெட்டிச் செட்டை வாங்கி இரண்டு டவர்களுக்கும் நடுவில் ராமை வைத்துத் தள்ளிவிடலாமா? இன்னொரு கேள்வி, மடிப்பு விழுந்த மெம்பரைச் சூடாக்கி நிமிர்த்தலாமா?

பதில்: ஓய்வுபெற்ற சர்வேயர், தருமபுரி

முதல் கேள்வியை ஓசூர் நண்பருக்கு விட்டுவிட்டு இரண்டாவதற்கு எழுதுகிறேன். வாகனக் காப்பீட்டு மதிப்பீட்டில் 27 ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், சூடாக்கிய மெம்பர் இரண்டாம் மோதலில் எப்படி நடந்துகொள்கிறது என்பதை நேரில் பார்த்திருக்கிறேன்.

வளைந்தது என்றால் நிமிர்த்தலாம், கூராக மடிந்தது என்றால் மாற்ற வேண்டும். மடிப்பில் எஃகின் இழைகள் ஏற்கனவே நீண்டு களைத்துவிட்டன, அதை விரித்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். மெம்பரின் முன்பகுதியில் வரிசையாகச் சிறு பள்ளங்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மோதும்போது அந்த இடத்தில் மடங்கி விசையை உறிஞ்ச வேண்டும் என்பதற்காகவே அவற்றை அச்சிலேயே அமைக்கிறார்கள். அதன்மேல் பட்டை வைத்து வெல்டு செய்தால், உறிஞ்ச வேண்டிய விசை நேராகக் கேபினுக்குள் போகும்.

சூட்டைப் பற்றிச் சொல்வதானால், துத்தநாகம் 420 டிகிரியிலேயே உருகிவிடுவதால் துரு தடுக்கும் பூச்சு முதலில் போய்விடும், அதன் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். வெயிலில் நின்று நிறம் பார்த்துச் சூட்டை மதிப்பிடுவது ஏமாற்றும். 2017 அக்டோபர் முதல் புதிய மாடல்களுக்கும், 2019 அக்டோபர் முதல் விற்பனையாகும் எல்லாக் கார்களுக்கும் மணிக்கு 56 கி.மீ. வேகத்தில் முன்மோதல் சோதனை கட்டாயமாயிற்று. சோதனைகளைத் தாண்டவும் எடையைக் குறைக்கவும் அதிவலு எஃகின் பயன்பாடு கூடியிருக்கிறது. சாதாரண உடற்தகடு சதுர மி.மீ.க்கு ஏறத்தாழ 30 கிலோ இழுவையைத் தாங்கும் என்றால், 900 டிகிரி அளவில் சூடாக்கி அச்சில் அழுத்தி உடனே குளிர்வித்த போரான் எஃகு ஏறத்தாழ 150 கிலோ தாங்கும். அதன் வலிமை முழுவதும் அந்தக் குளிர்விப்பில்தான் இருக்கிறது, கேஸ் டார்ச்சின் நெருப்பைக் காட்டினால் போய்விடும், குளிராக இழுத்தால் விரிசல் விடும். கதவுகளுக்கு நடுவில் நிற்கும் பில்லர் பல புதிய கார்களில் இந்த எஃகால் ஆனது. அங்கே அடிபட்ட வண்டியைத் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள். ஏர்பேக் உள்ள வண்டியில் வேலை தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, தயாரிப்பாளர் குறித்த நேரம் காத்திருக்க மறக்காதீர்கள்.

சேஸ் எண் பொறித்த இடத்தை வெட்டவோ, சூடாக்கவோ, அரைக்கவோ கூடாது. பதிவுச் சான்றிதழின் விவரங்களோடு ஒவ்வாதபடி வாகனத்தை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. அந்தப் பகுதியை மாற்ற வேண்டி வந்தால் உரிமையாளர் முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போகட்டும்.

பதில்: ஓசூர் பாடி ஷாப்

டவர்களுக்கு நடுவில் ராமை வைக்காதீர்கள். ராமுக்கு நல்ல டவர் எது, கெட்ட டவர் எது என்று தெரியாது. இரண்டையும் ஒரே விசையில் தள்ளும், 9 மி.மீ. கோணலை இரண்டு டவருக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிடும். சில பட்டறைகளில் இப்படிச் செய்து, இரண்டு டயரும் சமமாகத் தேய்வதைப் பார்த்துச் சரியாகிவிட்டது என்று அனுப்பியிருக்கிறார்கள்.

உத்தரத்தை வண்டிக்கு அடியில் குறுக்காகச் செலுத்தி, இடப்பக்கச் சில்லில் பூட்டி, வலப்பக்கம் தூணை நிறுத்தி, டவரின் மேல்தட்டு போல்ட்டுகளில் ஒரு தகடு மாட்டி வெளிப்பக்கமாக இழுக்க வேண்டும். டவர் உயரமாக இருப்பதால் சங்கிலியும் உயரத்தில்தான் இருக்கும், தொழிற்பயிற்சி ஆசிரியர் சொன்ன கணக்குப்படி விசை மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்து வரும், இந்த வேலைக்கு அது நல்லதுதான். ஏப்ரனின் அகலமான வளைவை இழுத்துப் பிடித்தபடியே தட்டுங்கள். இடப்பக்க டவரிலும் ஓர் அளவு எடுத்து வைத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் பிறகு அது அசையவில்லை என்பதைப் பாருங்கள்.

கருவி வாங்கும் முன், சனிக்கிழமை மதியத்துக்கு மேல் ஓசூருக்கு வாருங்கள். என்னிடம் பழைய உத்தரக் கருவி ஒன்று சும்மா நிற்கிறது, அழுத்தமானியும் உண்டு. ஆல்டோவையும் கொண்டுவாருங்கள், உங்கள் கையாலேயே இழுத்துப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்: காவேரிப்பட்டினம் டிங்கர்

வருகிறேன் அண்ணா. ஆல்டோ ஆசிரியரிடமும் பேசிவிட்டேன், அவரும் உடன் வருவதாகச் சொன்னார். இந்த வேலைக்கு அவரிடம் கூலி வாங்கப்போவதில்லை. புது டயரும் என் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறேன். அளவு எழுதிய தாளையும், 80ஆம் தரக்குறி உள்ள சங்கிலியையும் கையோடு எடுத்து வருகிறேன்.